பொன்னாடை யாருக்கு?

வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர், பழைய வண்ணாரப்பேட்டை

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கிறோம். என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. ஐப்பசிக் கடைசியில், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்திருந்த நாளில், இருட்டுகிற நேரத்தில் நண்பர்களோடு, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களின் முனைவரை போயிருக்கிறான். அங்கிருந்து குதித்து யார் நீந்திக் கரையேறுவது என்று பந்தயம். இவன் குதிப்பதை இன்னொருவன் செல்பேசியில் படம் எடுத்திருக்கிறான். குதித்தவனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. எச்சரிக்கை வந்ததால் எடுக்காமல் விட்டிருந்த யாரோ ஒருவருடைய வலையின் மிதவை, ஒரு பிளாஸ்டிக் கேன், கையில் சிக்கியிருக்கிறது. சட்டையைக் கழற்றித் தன் கையை அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் மிதந்திருக்கிறான். விடிவதற்கு முன் குப்பத்து ஆட்கள் நான்கு பேர் படகில் போய்த் தூக்கிவந்தார்கள்.

பொங்கல் விளையாட்டு விழாவில் எங்கள் தெரு நற்பணி மன்றம் அவனுக்கு ‘வீர இளைஞர்’ என்று கேடயம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறது. ‘கடலை வென்ற சிங்கம்’ என்று பேனர் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. மன்றத்தின் பொருளாளர் என் கணவர். இது வேண்டாம் என்று நான் சொன்னேன். “என் பிள்ளை பிழைத்து வந்தது உனக்குப் பொறுக்கவில்லையா?” என்று கேட்ட அக்கா அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தனியாகக் கடலில் கிடந்தது வீரம் இல்லையா என்று என் கணவரும் கேட்கிறார். நான் நினைப்பது தவறா?
(பெயர் வேண்டாம், திருவொற்றியூர்)

பதில்: மகளே, அந்தக் கேடயத்தைக் கொடுக்கக் கூடாது. உன் கணவருக்கும் மன்றத்துப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் அக்கா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் அந்த நியாயத்தைப் பேசிவிடுவோம். விபத்துப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், கடலிலிருந்தும் கால்வாயிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே சீக்கிரம் கையோய்ந்து போவார்கள். உப்புநீர் தொண்டைக்குள் போனால் இருமல் வரும், இருமும்போது மேலும் நீர் உள்ளே போகும். உடம்பின் சூடு இறங்க இறங்க விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு மயக்கம் போல ஒரு தூக்கம் வரும். விரல்கள் பிடியை விட்டுவிடும் என்று முன்கூட்டியே யோசித்துச் சட்டையால் கையைக் கட்டிக்கொண்டானே, அது சாதாரணக் காரியம் இல்லை. பயத்தில் கைகாலை உதறிக்கொண்டிருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டான். பதறாத மனம் ஒன்று அவனுக்குள் இருக்கிறது. பெற்றவள் அதை நினைத்துப் பெருமைப்படுவதைத் தவறு என்று யாரும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லாதே.

ஆனால் மேடையில் பொன்னாடை போர்த்துவது வேறு காரியம். இப்படிப்பட்டவர்களை நாங்கள் மதிக்கிறோம், நீங்களும் இப்படி இருங்கள் என்று ஒரு தெரு தன் பிள்ளைகளுக்குச் சொல்வது அது. அந்த மேடைக்கு முன்னால் கோலப்போட்டியில் பரிசு வாங்க வந்த சிறுமிகளும், சாக்கு ஓட்டத்தில் ஓடிய பையன்களும் உட்கார்ந்திருப்பார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் பேனரைப் பார்க்கிறான். இரவெல்லாம் சட்டையில் கட்டிக்கொண்டு தவித்த கை அவனுக்குத் தெரியாது. குதித்தது தெரியும், அதற்குப் படம் இருக்கிறது. திரும்பி வந்தது தெரியும். கேடயம் கிடைத்தது தெரியும். இந்த மூன்றையும் சேர்த்து அவன் என்ன கணக்குப் போடுவான் என்று உன் கணவரிடம் கேள்.

கேரளத்தில் பாலக்காடு பக்கம் மலம்புழாவில் 2022 பிப்ரவரியில் நடந்தது நினைவிருக்கும். இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் நண்பர்களோடு செங்குத்தான மலையில் ஏறிச் சறுக்கி விழுந்து, ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார். ஏறத்தாழ 45 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் அந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தார். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரால் எடுக்க முடியவில்லை. கடைசியில் ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி அவரை மீட்டார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் காட்டிய பொறுமையையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். சில நாட்களிலேயே அதே மலையில் இன்னொருவர் ஏறிவிட்டார், அவரையும் இரவில் தேடி இறக்க வேண்டியதாயிற்று. முதலில் வழக்கு வேண்டாம் என்றிருந்த வனத்துறை, அதன்பிறகுதான் முன்னவர் மீதும் வழக்குப் பதிந்தது. அந்த இளைஞர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. புகழ் மலைமேல் விளக்குப்போல நின்றால், அதை நோக்கி நடக்கிறவர்கள் வழியைப் பார்க்க மாட்டார்கள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். எனக்கு மனம் பொறுக்காத இடம் வேறு. தூக்கிவந்த நான்கு பேர் உன் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோகிறார்கள். பிறகு கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், “தூக்கியவர்களில் ஒரு அண்ணனுக்குக் கேனுக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் விரல் நசுங்கிவிட்டது, ஒரு மாதமாகத் தொழிலுக்குப் போகவில்லை” என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதிய கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான், மகளே. அதை ஓரத்தில் எழுத வேண்டி வந்ததே என்றுதான் எனக்கு வருத்தம்.

என் கணவர் வீட்டார் காசிமேட்டுக்காரர்கள். அதனால் அந்த நான்கு பேரும் அன்று என்ன செய்தார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் நீரோட்டத்தை எங்கள் பக்கத்தில் வன்னி என்பார்கள். வன்னி ஓடும்போது கற்களின் முனையில் நீர் சுழன்று திரும்பும், அலை எந்தப் பக்கத்திலிருந்து தூக்கும் என்று சொல்ல முடியாது. பைபர் படகு லேசானது, கல்லில் ஒருமுறை மோதினால் பிளந்துவிடும். எச்சரிக்கை அவர்களுக்கும்தான் வந்திருந்தது. வீட்டில் இருந்தார்கள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்திருக்கும். யாருடைய பிள்ளையோ கடலில் போய்விட்டான் என்று பையன்கள் ஓடிவந்து கத்தியதும், படகைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார்கள். வன்னி எந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தெற்கே தேடியிருப்பார்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு தலையையும் ஒரு கேனையும் விடிவதற்குள் கண்டுபிடித்தது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, அவர்கள் தொழில் அறிவு.

உன் அக்கா மகனுக்குக் குதித்த பிறகு வேறு வழி இருக்கவில்லை. மிதக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். அந்த நான்கு பேருக்கும் வேறு வழி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. வழி இருந்தும் அதை விட்டுவிட்டு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பையனுக்காக ஆபத்துக்குள் போனார்கள். ஊர் கூடி மரியாதை செய்ய வேண்டியது இதற்குத்தான்.

நம் நாட்டில் இது நெடுநாள் வழக்கம். செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாயாக இருந்தாலும், தன்னைவிட்டு இன்னொன்றைக் காத்தது என்பதற்காக ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் அதன் பெயரை எழுதிவைத்த மக்கள் நாம். திருவொற்றியூர் மேடையில் அந்த நான்கு மனிதர்களின் பெயரையும் படிக்காமல் விடலாமா?

அருகில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணைக்கட்டு. விளையாடிவிட்டுக் குளிக்க வந்த இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து நீரில் வீசி இருவரை இழுத்துக் கரையேற்றினார்கள், இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டுச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அந்த மூன்று பெண்களுக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பிழைத்த இளைஞர்களும் மரணத்தோடு போராடித்தான் பிழைத்தார்கள். அவர்களை மேடையேற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவர்களை ஒருவரும் திட்டவும் இல்லை. எனக்கு அது மிகச் சரியான அளவாகப் படுகிறது.

2018இல் தாய்லாந்துக் குகையில் கால்பந்து விளையாடும் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கியபோதும் அப்படித்தான். இருட்டில், பசியில், அந்தப் பிள்ளைகள் இருந்த அமைதியைப் பார்த்து உலகமே நெகிழ்ந்தது. ஆனால் வீரப் பதக்கங்கள் போனது முக்குளித்துப் போய் மீட்டவர்களுக்கு. பிரிட்டன் தன் முக்குளிப்பாளர்கள் இருவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது, ஆஸ்திரேலியாவும் தன் மருத்துவருக்கும் அவருடைய நண்பருக்கும் வீரப் பதக்கம் கொடுத்தது. காற்று உருளைகளைக் குகைக்குள் வைத்துவிட்டுத் திரும்பிய தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குணன் அதிலேயே உயிரை விட்டார்.

இப்போது செய்ய வேண்டியவை. அக்காவிடம் வாதாடப் போகாதே. அவள் கேட்பது கேடயம் இல்லை. பிள்ளை திரும்பி வந்ததை எல்லோரும் சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று கேட்கிறாள். கொண்டாடுங்கள். வடிவுடையம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருப்பாள், நீயும் கூடப் போ. வீட்டில் விருந்து வை. அந்த நான்கு பேரையும் குடும்பத்தோடு அழைத்து, முதல் இலை அவர்களுக்குப் போடு. அதற்கு முன்னால், உன் அக்கா மகன் தன் அம்மாவோடு அந்த விரல் நசுங்கிய அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். வலை இழுக்கிறவருக்குக் கைவிரல் போனால் பங்கு போயிற்று. கடலுக்குப் போனவர்களுக்குத்தான் பங்கு. ஒரு மாதமாக அந்த வீடு எப்படி ஓடுகிறது என்று உங்கள் தெருவில் யாராவது கேட்டீர்களா? பேனருக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கிய பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதில் உன் கணவரின் கணக்குப் புத்தகம் ஒன்றும் கெட்டுப்போகாது. பையன் ஏதாவது வேலைக்குப் போகிறான் என்றால், அவர் கை குணமாகும் வரை தன் சம்பளத்திலிருந்தும் கொடுக்கட்டும்.

மன்றத்துக்கு மேடையில் பையனை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த நால்வருக்கும் பொன்னாடை போர்த்துகிறவனாக அவனை ஏற்றுங்கள். தானே ஒலிபெருக்கியைப் பிடித்து, பந்தயம் கட்டிக் குதித்தேன், அது பெரிய பிழை, இவர்கள் வந்ததால் இருக்கிறேன் என்று சொல்ல அவன் சம்மதித்தால் இன்னும் நல்லது. கட்டாயப்படுத்தக் கூடாது. சபையில் அவனை அவமானப்படுத்துவது கேடயம் கொடுப்பதைவிட மோசம்.

இன்னொன்று. கடல்நீர் நுரையீரலுக்குள் போனவர்களுக்குப் பிறகும் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வரலாம். அப்படி ஏதும் இருந்தால் மார்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரியில் அலறி எழுகிறானா, தண்ணீர்ச் சத்தம் கேட்டால் ஒதுங்குகிறானா என்றும் கவனி. ‘சிங்கம்’ என்று பேனரில் பெயர் போட்டுவிட்டால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் யாரிடம் சொல்வான்? இந்தக் கவலைதான் எனக்குப் பெரியதாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் மலைப்பள்ளத்தாக்கில் பாறைக்கடியில் கை சிக்கித் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு தப்பினார். தனியாகப் போனது அவர் தவறுதான். அதற்காக அவரை வீரர் என்று சொல்லக் கூடாதா? தவறு செய்தவர்களுக்கு வீரமே கிடையாது என்பீர்களா?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

பதில்: கிடையாது என்று சொல்ல மாட்டேன், தம்பி. 2003 ஏப்ரல் கடைசியில் யூட்டா மாநிலத்தில் நடந்தது அது. எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போனார். உருண்ட பாறை வலக்கையைப் பள்ளத்தாக்குச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் அப்படியே நின்றார். கடைசியில் உடம்பை வளைத்து முன்கையின் இரண்டு எலும்புகளையும் தானே முறித்து, மழுங்கிய சிறு கத்தியால் சதையை அறுத்து வெளியே வந்தார். பிறகும் ஒற்றைக் கையால் கயிற்றில் இறங்கி, ஆட்கள் எதிர்ப்படும் வரை நடந்தார். அறுவை அரங்கில் மயக்க மருந்தோடு கை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதை நினைத்தாலே என் உடம்பு கூசுகிறது. அந்த மன உறுதிக்கு வீரம் என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருவருக்குள் வீரம் இருக்கிறதா என்பது ஒன்று. ஊர் எழுந்து நின்று விருது கொடுக்க வேண்டுமா என்பது இன்னொன்று. இந்திய அரசு 1961இல் ஜீவன் ரக்ஷா பதக்கங்களை ஏற்படுத்தியபோது, இன்னொருவர் உயிரைக் காத்த செயலுக்கு என்றுதான் வகுத்தது. நீர், தீ, விபத்து, மின்சாரம், நிலச்சரிவு எதுவானாலும் சரி, காப்பாற்றப்பட்டவர் வேறு ஒருவராக இருக்க வேண்டும். தன் உயிரைத் தானே காத்துக்கொண்டவருக்குக் கிடைத்த பரிசு அந்த உயிர்தான். ரால்ஸ்டனின் கதையை யாரிடம் சொன்னாலும், சொல்லாமல் போனார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருப் பையன்களில் யார் தனியாகப் பழவேற்காடு பக்கம் போனாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக அந்தக் கதை பயன்பட்டால் எனக்கு அது போதும்.

ஒரு சிக்கலான நிலைமையையும் யோசித்துப் பார். இரண்டு பேர் சேர்ந்தே பந்தயம் கட்டிக் குதிக்கிறார்கள். ஒருவன் கரையேறிவிடுகிறான். மற்றவன் தத்தளிப்பதைப் பார்த்துத் திரும்பவும் கடலில் இறங்கி இழுத்துவருகிறான். முதலில் குதித்தது அவன் முட்டாள்தனம், இரண்டாவது முறை இறங்கியது வீரம். அவனுக்கு நான் தயங்காமல் மரியாதை செய்வேன், பந்தயத்தையும் மறைக்க மாட்டேன்.

கேள்வி: நான் கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவன். உள்ளே இடம் இருந்தும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனபோது கம்பத்தில் மோதி விழுந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு படிப்பை முடித்தேன், வேலைக்கும் போகிறேன். என்னைப் பல இடங்களில் கூப்பிட்டு ‘தன்னம்பிக்கை நாயகன்’ என்று பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு மேடையிலும் “விபத்தில் காலை இழந்த இவர்” என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். தொங்கிக்கொண்டு போனேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. கைதட்டும்போது தலை குனிந்துகொள்கிறேன். இனிப் போகாமல் இருந்துவிடலாமா?
(ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: போக வேண்டும், தம்பி. உங்கள் நிலைமை மேலே உள்ள பையனுடையது இல்லை. விழுந்து பிழைத்ததற்காக உங்களைப் பாராட்டினால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதன்பிறகு நடந்ததை நான் அறிவேன். கால் போன படுக்கைகளின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும், சொரிவதற்குக் கையை நீட்டினால் வெறும் படுக்கை இருக்கும். முதல் முறை செயற்கைக் காலை மாட்டும்போது வெட்டிய இடத்தில் தோல் உரியும். மாதக்கணக்கில் சுவரைப் பிடித்து நடக்க வேண்டும். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுக்கும்போது அதை வாங்கிக்கொள்ளவே தனியாக மனத் தைரியம் வேண்டும். இவற்றை ஒவ்வொரு நாளும், ஒருவரும் கைதட்டாத இடத்தில், நீங்களாகவே தேர்ந்தெடுத்துச் செய்தீர்கள். படிப்பை விட்டிருக்கலாம், விடவில்லை. அந்தப் பாராட்டு உங்களுக்கு உரியது. தலையை நிமிர்த்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களை உறுத்துவது அறிமுக வாசகம். அதை நீங்களே மாற்றிவிடலாம். அடுத்த முறை அழைக்கும்போது, “உள்ளே இடம் இருந்தும் படிக்கட்டில் தொங்கிக் காலை இழந்தவர்” என்றே படிக்கும்படி எழுதிக் கொடுங்கள். படிக்கத் தயங்கினார்கள் என்றால், பேச எழுந்ததும் முதல் வாக்கியமாக நீங்களே சொல்லுங்கள். கல்லூரி மண்டபத்தின் பின்வரிசையில், மாலை ரயிலில் தொங்கப்போகிற பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில்வே சட்டத்தில் படிக்கட்டுப் பயணத்துக்குச் சிறையும் அபராதமும் உண்டு என்று எத்தனையோ பலகைகள் அவர்களுக்குச் சொல்லிவிட்டன. உங்கள் வாயால் கேட்பது வேறு. கம்பம் எந்த இடத்தில் வந்தது, கை எப்போது நழுவியது, தண்டவாளத்து ஜல்லியில் கிடந்தபோது யார் தூக்கினார்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். தூக்கியவரின் பெயர் தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள். அந்தப் பாதையில் வேலை செய்கிற ஊழியர்களையும் தண்டவாளத்து ஓரம் குடியிருப்பவர்களையும் கேட்டால் யாருக்காவது நினைவிருக்கும்.

கேள்வி: புயல் எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போய்த் தப்பி வருகிற மீனவரும் பந்தயம் கட்டிக் குதிக்கிற பையனும் ஒன்றுதானே அம்மா?
(ராயபுரம் வாசகி)

பதில்: ஒன்றில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, பிறகு மழைக்கால எச்சரிக்கைகள், நடுவில் டீசல் கடன், வலைக்கு வாங்கிய வட்டிப் பணம். அப்படிப்பட்ட ஒருவர் எச்சரிக்கையை மீறிப் போவதை நான் சரி என்று சொல்ல மாட்டேன், போகாதீர்கள் என்றுதான் என் கொழுந்தனாரிடமும் மன்றாடுகிறேன். ஆனால் வயிற்றுக்காகப் போனவரையும் செல்பேசிப் படத்துக்காகக் குதித்தவனையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. திரும்பி வந்த மீனவருக்குத் தேவை பொன்னாடையும் இல்லை, திட்டும் இல்லை. கடலுக்குப் போக முடியாத நாட்களில் வீட்டில் அடுப்பு எரிய உதவி வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும், மூழ்கிய சென்னைத் தெருக்களுக்குள் படகைக் கொண்டுவந்து நம்மை ஏற்றிப்போனவர்கள் இதே மீனவர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றியவருக்கு அரசு விருது கேட்டு விண்ணப்பிக்க விரும்புகிறோம். எப்படிச் செய்வது?
(எண்ணூர் வாசகர்)

பதில்: இரண்டு வழிகள் உண்டு. வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்தைத் தமிழக அரசு குடியரசு தினத்தில் கொடுக்கிறது. பொதுமக்களும் அரசு ஊழியர்களும் பெறலாம். அதற்கான அறிவிப்பு ஆண்டுக் கடைசியை ஒட்டி வரும், அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். மூன்று நிலைகள் இருக்கின்றன, காப்பாற்றியவர் எவ்வளவு ஆபத்தில் இறங்கினார் என்பதைப் பொறுத்து நிலை அமையும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

நாள், நேரம், இடம், கடல் அப்போது எப்படி இருந்தது, எச்சரிக்கை இருந்ததா, எவ்வளவு தூரம் போனார் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம். நேரில் பார்த்த இருவரிடமாவது கையெழுத்தோடு வாக்குமூலம் வாங்குங்கள். காவல் நிலையத்தில் பதிவான விவரம் இருந்தால் அதன் நகல், காப்பாற்றியவருக்குக் காயம் என்றால் மருத்துவமனைச் சீட்டு, காப்பாற்றப்பட்டவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடிதம், இவை எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். படகில் நான்கு பேர் போனார்கள் என்றால் நால்வர் பெயரையும் எழுதுங்கள், படகு உரிமையாளர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திருவொற்றியூர் மகளே, இதை நீயும் கத்தரித்து வைத்துக்கொள். உங்கள் தெருவிலிருந்து போக வேண்டிய விண்ணப்பத்துக்குக் காலம் இன்னும் இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டைத் தொலைத்துவிட வேண்டாம் என்று அந்த அண்ணன் வீட்டில் இன்றே சொல்லிவிடு.